நான்காவது வெர்ஷனில் பெய்த மழை

எனக்கு மழை வரைய வராது சார். மழை ஓயாத மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன் இப்படிச் சொல்வது கேவலம்தான். அதனால்தான் என் துப்பறியும் காமிக்ஸுக்கு, எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தரும் ஏஐயிடம் போனேன். அதில் நான்கு வெர்ஷன் இருந்தது. எது தேவலை என்று ஒப்பிட்டு இணையத்தில் ஒரு கட்டுரை எழுத நினைத்தேன்.

ஒப்பிடுவதற்கு ஒரு நியாயம் உண்டு. நான்குக்கும் ஒரே வாசகம், ஒரே முகம் கொடுக்க வேண்டும். மழை, குடோன் சந்து, ஒற்றை விளக்கு, கதவருகே கத்தியோடு ஒருவன். முகத்துக்கு முப்பிடாதியைக் கேட்டேன். எங்கள் குடியிருப்பு வாசலில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிறவன், தென்காசிப் பக்கம்.

"எம்பொண்ணு படத்தைப் பாப்பா சாரே. நல்லவனா காட்டுங்க" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். காட்டுகிறேன் என்றேன்.

முதல் வெர்ஷன் அவனுக்கு ஆறு விரல் கொடுத்தது. இரண்டாவதில் கத்தி குடைக்கம்பி மாதிரி வளைந்தது. மூன்றாவதில் மழை பிரமாதம், முகம் வேறு யாருடையதோ. நான்காவதில் புருவத் தழும்பு வரைக்கும் முப்பிடாதி. கறுப்பு வெள்ளையில், மங்கலாக, சிசிடிவியில் பதிந்தது போலவே இருந்தது.

அந்த வாரம்தான் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் யாரோ கத்தியைக் காட்டி ஒரு பெண்ணின் சங்கிலியை அறுத்திருந்தார்கள். படம் எப்படியோ எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அடியில் நான் போட்டிருந்த 'வெர்ஷன் நான்கு' என்ற வரியை யாரோ வெட்டியிருந்தார்கள். எட்டரைக்குக் கமலாக்ஷி மாமி எழுதினாள்: "ஈசுவரா, இது நம்ம தேப்புக்காரனாக்கும். எங்காத்துக்குள்ள வரைக்கும் வருவானே."

பத்து மணிக்கு அவனை வண்டியடியிலேயே பிடித்தார்கள். சிரட்டைக் கனல் நிறைந்த அவனுடைய இஸ்திரிப் பெட்டியையே அவன் வலது கைமேல் வைத்தார்கள். அந்தக் கை இனி மடங்காது என்கிறார் டாக்டர்.

நான் மேலே ஜன்னலில் நின்றேன். அது வெறும் படம் என்று ஒரு வரி எழுத ஒன்றரை மணி நேரம் இருந்தது. எழுதவில்லை. யாராவது சந்தேகப்படுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்து மூன்று வீட்டில் ஒருவர்கூட இல்லை. சந்தோஷமாக இருந்தது சார், சொல்ல நாக்கூசுகிறது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பது என் விஷயத்தில் உண்மையாகிவிட்டது.

'எப்படியோ', 'யாரோ' என்றெல்லாம் சொன்னேன் இல்லையா, அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம். என் போனைப் பார்த்தாலே தெரியும். வரியை வெட்டியது நான். குழுவில் போட்டதும் நான். ஒப்பீட்டில் அந்த ஒரு சோதனைதான் பாக்கியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். எதைப் பார்த்துத் தன்னை அடித்தார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கதவு திறந்ததும் மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிறகு என்னை அடையாளம் கண்டு, "படம் வந்துட்டா சாரே? புள்ளைக்கு அனுப்பணும்" என்றான். வெட்கத்தில் உடனே வெளியே வந்துவிட்டேன்.

அந்த மிரண்ட முகம் எந்த வெர்ஷனிலும் வந்ததில்லை. கதவு திறந்த அந்த நொடியிலேயே போனில் எடுத்து வைத்திருக்கிறேன். வெட்கம் மறந்துவிடக் கூடாதே என்றுதான். ஐந்தாவது வெர்ஷன் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.