ராமாயிக்குக் கிடைத்த சுகம்

கொல்லிமலைக்கு மாற்றல் என்றாலே நர்சுகள் மூக்கால் அழுவார்கள், சார். நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். இத்தனை கொண்டை ஊசி வளைவுக்கும் ஒருநாள்கூட வாந்தி எடுத்ததில்லை. மெர்சி சிஸ்டர் வீடு எது என்று இந்த வளப்பூர் நாட்டு ஊர்களில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். எழுதுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

ராமாயிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாதாமாதம் மாத்திரை கொடுத்தது நான்தான். அந்தப் பழக்கத்தில் என் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கும் வந்தாள். 1999 பிப்ரவரியில், உபவாச ஜெபத்தில், அவள் தலையில் எண்ணெய் பூசினேன். கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார் என்று எனக்குள் ஒரு நிச்சயம் வந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். ஒரு மாதம் வலிப்பு வரவில்லை. சுகமானவர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். அவளையும் சொல்ல வைத்தேன். "மெர்சியக்கா ஜெபத்துல எனக்குச் சொகமாயிருச்சுங்க" என்றாள். அந்த ஒரு சாட்சியைக் கேட்டுப் பதினேழு பேர் ஞானஸ்நானம் எடுக்கச் சம்மதித்தார்கள். ஆறு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் எனக்கு ஓர் ஆள் சேர்ந்ததில்லை, சார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் மத்தியானக் கூட்டத்தில், அந்தப் பதினேழு பேர் முன்னால், அவள் விழுந்தாள்.

கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பதினேழு பேரில் ஒருவரான மாணிக்கம், "ஏனுங்க சிஸ்டர், நல்லாயிருச்சுன்னு சொன்னீங்களே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கர்த்தர் கொடுத்த சுகம் திரும்பிப் போகாது. ஆகவே இது வலிப்பில்லை, பிசாசு என்றேன். நாலு பேரைக் கை காலைப் பிடிக்கச் சொன்னேன்.

மூன்று நிமிஷத்தில் வலிப்பு தானாக அடங்கியது. அடங்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்து, "அக்கா, உடுங்க. மாத்திரை குடுங்க, ஊட்டுக்குப் போறேன்" என்றாள். அப்போதே விட்டிருக்கலாம். ஆனால் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாத்திரை கேட்பது பிசாசுதான் என்றேன்.

காப்பிச் செடியில் ஒரு கொம்பு ஒடித்து வரச் சொல்லி உள்ளங்காலில் அடித்தேன். கத்தினாள். பிசாசுக்கு வலிக்கிறது என்று சொல்லித் தோளிலும் முகத்திலும் அடித்தேன். கொம்பு முறிந்தது, வேறு கொண்டுவந்தார்கள். உதடு கிழிந்து, பல் ஒன்று தரையில் விழுந்தது. அவள் புருஷன் சின்னுசாமி, "போதுமுங்க, செத்துப்போயிருவா" என்று அழுதான். அவிசுவாசி உள்ளே இருந்தால் பிசாசு போகாது என்று அவனை வெளியே அனுப்பினேன். பிறகு அவள் முந்தானையை அவள் வாயிலேயே திணித்து, நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தேன். மற்றவர்கள் பாடினார்கள்.

பதினான்கு வருஷமாக நாடி பார்க்கிற விரல், சார் இது. மூன்றேகால் மணிக்கு அவள் நாடி நின்றது. முழங்காலை நான் உடனே எடுக்கவில்லை. பிசாசு போய்விட்டது, ஸ்தோத்திரம் பண்ணுங்கள் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். சின்னுசாமி உள்ளே ஓடி வந்து என் காலில் விழுந்து கும்பிட்டான். "அசந்து தூங்குறா, எழுப்பாத சாமி" என்று அவனிடம் சொன்னேன்.

கொலை என்று எழுதுவதென்றால் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அதன்பிறகு ராமாயிக்கு வலிப்பு வரவேயில்லை.