வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

— நகராட்சிக்கு எழுதற மனுவுல முதல்ல யார் யார் எங்க இருந்தோம்னு போட்டுடறேன், மில்டா. "ஆய்வாளர் வந்த அன்று வாசலில் மில்டா நின்றாள். அவள் மகள் உக்னே மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கீழ்வீட்டு டைவாவாகிய நான் படிக்கட்டு வளைவில் நின்றேன்." சரிதானே?

— நின்னீங்களா? காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க, டைவாக்கா.

— சரி, "உட்கார்ந்திருந்தேன்". வரிசையா போவோம். அந்த ஆய்வாளரம்மா என்ன கேட்டாங்க?

— "இந்த வீட்ல ஆம்பளை இருக்கானா"ன்னு உங்களைக் கேட்டாங்க. நீங்க "இருக்கான்"னு வாயைத் திறந்தீங்க. தனியா பிள்ளை வளர்க்கிறவளுக்கு நகராட்சி குடுக்கிற உதவித்தொகை நின்னுபோச்சு.

— நான் என்னடி பண்ணுவேன்? தினமும் உன் வாசல்ல அம்மாம் பெரிய ஆம்பளை பூட்ஸ்!

— கௌனஸ் ஊர்ச் சந்தையில பழசா வாங்கினது. பொம்பளை தனியா இருக்கான்னு திருடனுக்குத் தெரியக்கூடாதுல்ல? எத்தனை பேர் வைக்கிறாங்க!

— வைக்கிறாங்க. ஆனா காலைல அதுமேல புதுப்பனி ஒட்டியிருந்துச்சே!

— நான்தான் அள்ளிப் பூசுவேன். பார்க்கிறவன் நம்பணும்ல?

— நம்பிட்டேனே, பாவி! இதையும் எழுதறேன். "பனியைப் பூசியது மில்டா. ஏமாந்தது நான்."

— ஆபீஸ்ல சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போடட்டும்.

— அக்கா, பணம் வரலேன்னா உக்னேவை பகல்நேரக் குழந்தைக் காப்பகத்துலேர்ந்து நிறுத்தணும். நிறுத்தினா என் பேக்கரி வேலையும் போச்சு. அதைப் போடுங்க. கெஞ்சுற மாதிரி மட்டும் வேணாம்.

— கெஞ்சலை. "சட்டப்படி அவளுக்கு உரியது"ன்னுதான் போட்டிருக்கேன். கடைசியா ஒரு வரி: "இனி பக்கத்து வீட்டாரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உள்ளே வந்து பாருங்கள்."

— அது சரி, அன்னிக்கு என்மேல அப்படி என்னக்கா கோபம்?

— கோபமில்லடி, வயித்தெரிச்சல். எனக்கும் ரெண்டு பிள்ளை. எங்க வீட்டு ஆம்பளை சம்பளத்தைக் குடிச்சுட்டு வந்து சுவரைக் குத்துவான். அவன் இருக்கிறதால எனக்கு அந்த உதவி கிடையாது. உனக்கு மட்டும் மாசம் தவறாம வருது.

— சுவரைக் குத்தற சத்தம் மேல வரைக்கும் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துட்டேன், அக்கா.

— விடு. உறையை ஒட்டியாச்சு. கோட்டை மாட்டு, தெருமுனைத் தபால் பெட்டியில போட்டுடுவோம்.

— ...விழுந்துருச்சு! வாங்க, பீட்ரூட் சூப் இருக்கு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. உங்க வீட்டு அண்ணனுக்கும் ஒரு கிண்ணம் வைக்கிறேன்.

— அவனுக்கு வேணாம். காலைலயே மூட்டை கட்டி அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். இன்னொரு உறை இருக்கா, மில்டா? அடுத்த விண்ணப்பம் எனக்கு.