நாலுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல்

வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்குத்தான் பிடிக்கும், ஐயா? என் அறைச் சுவரில் ஓர் ஆணி சும்மா இருந்தது. அதில் ஒரு கடிகாரத்தை மாட்டினேன். நீங்கள் கேட்பது அதைத்தான் என்றால், மாட்டியது நான்தான்.

என் வேலை எளிது. உரிமத்தைப் புதுப்பிக்க வயதான ஓட்டுநர்கள் வருவார்கள். வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, "ஒரு கடிகாரம் வரைங்க. எல்லா எண்ணும் போட்டு, மணி பதினொன்னு பத்துன்னு காட்டுங்க" என்பேன். மூளை தளரத் தொடங்கியவர்களுக்கு அது வராது. எண்கள் ஒரே பக்கம் குவிந்துவிடும், முள் எங்கோ போகும். அதனால்தான் அந்த அறையில் கடிகாரம் இருக்கக் கூடாது என்பது விதி. மனதிலிருந்து வரைய முடியாதவர்கள்கூடப் பார்த்து வரைந்துவிடுவார்கள்.

ஒருமுறை ஒரு லாரிக்காரர் பாதி வட்டத்தில் நின்றுவிட்டு என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இன்னிக்கு ஒரு நாள் கண்ண மூடிக்கோயேன்" என்றார். நான் விதிப்படி நடந்தேன். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கியதை மறக்க முடியவில்லை. இனி இப்படி ஒரு பாவத்தைச் செய்ய வைக்காதே என்று கடவுளிடம் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் என் அண்ணனின் முறை வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். அப்பா அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர். நாங்கள் உடன்பிறந்தவர்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அதற்கு முன்பே ஒருநாள் என் வீட்டுக்கு வழி தெரியாமல் தெருமுனைக் கடையில் நின்றிருந்தார். இறந்துபோன அண்ணிக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டச் சொன்னார்.

வீட்டில் வரைந்து பார்க்கச் சொன்னேன். எண்கள் வட்டத்துக்கு வெளியே ஓடின. "என்ன பாப்பா இது, முட்டைக்கு மீசை மொளச்ச மாதிரி இருக்கு!" என்று சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாவிய மட்டும் வாங்க விட்டுறாத. அப்புறம் நான் காலையில எதுக்கு எந்திரிக்கணும்?"

ஓட்ட முடியாதவர்களைப் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலையில் வைத்துக்கொள்வதாகப் பள்ளி மேலாளர் சொல்லியிருந்தார். அதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. மனம் நோகும் அல்லவா.

வீட்டில் கிடந்த பழைய கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி, முள்ளைப் பதினொன்று பத்தில் வைத்து, என் தலைக்குப் பின்னால் மாட்டினேன். அதன் கண்ணாடியில் நாலுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல். அண்ணன் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்து வரைந்தார். அழகாக வந்தது. அந்த விரிசலையும் விடாமல் வரைந்திருந்தார். நான் முழு மதிப்பெண் போட்டேன்.

அன்று ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அடுத்து வந்தவரும் எண்களைத் தேடி நிமிர்ந்து பார்த்தார். கழற்ற மனம் வரவில்லை.

ஆற்றங்கரையில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அண்ணன் நேராகப் போனார். அங்கே இருந்த பாலத்தைப் போன வருடமே இடித்துவிட்டார்கள். அவருக்குப் பழைய வழி நன்றாக நினைவிருந்தது. காலை நேரம், வண்டி நிறையப் பிள்ளைகள். அவரை மட்டும் இழுத்துப் போட முடிந்தது.

மறுநாளும் கடிகாரம் சுவரில்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள், ஐயா. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். விரிசல் வரைந்த தாள்களை எல்லாம் இப்போது மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, இவர்களில் யார் யார் இன்று வண்டி எடுத்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. எல்லாரும் முகம் தெளிந்து போனார்கள். அது மட்டும் தெரியும்.

நேற்று உங்கள் காவலர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். "பிள்ளைங்கல்லாம் எறங்கிட்டாங்களா பாப்பா?" என்றார் அண்ணன்.

"எறங்கிட்டாங்கண்ணே."

ஒரு நல்ல வார்த்தை சொல்வதில் என்ன தப்பு? பிறகு தாளும் பென்சிலும் கொடுத்தேன். அங்கே சுவரில் கடிகாரம் இல்லை. வட்டம் போட்டார். எண்ணும் முள்ளும் போடவில்லை. நாலு இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அந்த விரிசலை மட்டும் அப்படியே வரைந்தார்.

பாருங்கள் ஐயா, என் அண்ணன் எதையும் மறக்கவில்லை.