மூஞ்சி இல்லாத கொடும்பாவி

சோளத்தட்டையக் கட்டுற கை நிக்க வேண்டாம். கட்டிக்கிட்டே கேளுங்க. வெளியூர்லருந்து வாக்கப்பட்டு வந்த ரெண்டு பேரு கேட்டுட்டீக, "இந்தக் கொடும்பாவிக்கு மூஞ்சி வைக்க மறந்துட்டீகளா"ன்னு. மறக்கல தாயி. ஒரு தடவ வச்சுட்டு, அத இன்னும் மறக்க முடியாமக் கெடக்கோம்.

பாட்டனுக்குப் பாட்டன் தொட்டில்ல கெடந்த காலம். இதே கருங்காட்டுப்பட்டிதான். வானம் சொட்டு விடல. கம்மா வெடிச்சு, அந்த வெடிப்புல கன்னுக்குட்டி காலு மாட்டிக்கிடுமாம். மழ பெய்யலன்னா ஊருக்குள்ள எவளோ ஒரு பாவி இருக்கான்னு சொல்லுவாக. எவனோன்னு சொல்ல மாட்டாக, எவளோன்னுதான் சொல்லுவாக. அதுக்காகத் தட்டையில ஒரு பொம்பளையக் கட்டி, சீலையச் சுத்தி, கயிறு போட்டுத் தெருத்தெருவா இழுத்துட்டுப் போயி, ஊரு எல்லையில கொளுத்துவாக. பொம்பளைக பின்னாலயே மாரடிச்சு ஒப்பாரி வைக்கணும். பொய் ஒப்பாரி. ஆம்பளைக ரெண்டு பக்கமும் நின்னு சிரிப்பாக.

அந்தப் பொம்மையச் செஞ்சவன் மாடக்கண்ணு. கூத்துல கோமாளி வேசம் கட்டுறவன். அவன் வாயத் தொறந்தா ஊரு சிரிக்குமாம். பொண்டாட்டி அடி வாங்குற மாதிரி நடிப்பான், ஊரு சிரிக்கும். பிள்ள இல்லாதவ கோயிலச் சுத்துற மாதிரி சுத்துவான், ஊரு சிரிக்கும். நாட்டாம மாதிரி மட்டும் நடிக்கவே மாட்டானாம். நல்லா வெவரமான ஆளு.

ஒரு வருசம் அவனுக்கு ஒரு யோசன வந்துச்சு. சும்மா இருந்த பொம்மைக்குக் களிமண்ணுல மூஞ்சி வச்சான். ஒரு காலக் கட்டையாக் கட்டுனான். இழுத்தா பொம்ம நொண்டி நொண்டிப் போகுது! அப்படியே நம்ம பேச்சித்தாய். புருசன் செத்து, பிள்ள குட்டி இல்லாம, ஒத்தக் காலு நொண்டி நடந்துக்கிட்டு இருந்தவ. ஊரு சிரிச்சுச்சு பாருங்க, வகுத்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. அதுல பெருஞ்சிரிப்பு சிரிச்சவ ஆவுடத்தா. அவ சிரிச்சா மூணு தெருவுக்குக் கேக்குமாம்.

மூணாம் நாளு ஒரு தூத்தலு போட்டுச்சு. அம்புட்டுத்தான். "ஆளு சரிதான்ப்பா, பாவி அவதான்"னு ஊரே பேசிருச்சு. கெணத்துக்குப் போனா பேச்சித்தாயிக்கு வாளிய யாரும் குடுக்கல. சின்னப்பயலுக பின்னாலயே நொண்டிக்கிட்டுப் போனானுக. கொடத்த வச்சுக்கிட்டுப் பொழுதெல்லாம் கெணத்தடியில நிப்பாளாம். பதினஞ்சாம் நாளு மேகாட்டுப் பாழுங்கெணத்துல கெடந்தா.

மறு வருசம் மழ வந்துச்சா? வரல.

இப்பப் பயம் எப்பிடி வந்துச்சுங்கிறீக? ஆம்பளைகளுக்குக் களத்துல பேச்சு, "இந்த வருசம் யாரு மூஞ்சிய வைக்கப் போறான்"னு. கன்னத்துல மச்சம் இருக்கவ மஞ்சள அப்பி மறைச்சா. கொஞ்சம் சாஞ்சு நடக்குறவ நேரா நடந்து பழகுனா. எத்துப்பல்லு சங்கம்மா முந்தானைய வாயிலருந்து எடுக்கவே இல்ல. தெருவுல நாப்பது பொம்பளையும் ஒண்ணு போல நடக்காக, ஒண்ணு போலப் பேசுதாக. ஆவுடத்தா சிரிப்ப நிறுத்திட்டா.

அவளுக்குத் தன்னைய நெனச்சுப் பயம் இல்ல. மகள நெனச்சுத்தான். மக பேரு வண்டிமலைச்சி. மலைச்சி, மலைச்சின்னு கூப்புடுவாக. திக்குவாய். "அம்மா"ங்கிறதுக்குள்ள பானையில உல கொதிச்சிரும். கட்டிக்கிட்டுப் போனவன் அதையே பேசிக் காட்டிக் காட்டிச் சிரிச்சு, கைப்பிள்ளையோட இங்கயே கொண்டாந்து விட்டுட்டான்.

ஒரு நாளு மத்தியானம். ஆவுடத்தா வெறகு பொறக்கிட்டுக் களத்து வழியா வாரா. மாடக்கண்ணு வீட்டுக் கொல்லையில ஒரு கொரலு கேக்குது. "ம... ம... மழ... வ... வ... வரல." வெறகக் கீழ போட்டா. எட்டிப் பாத்தா, அவன் களிமண்ணப் பெசஞ்சுக்கிட்டு, ஈர மூஞ்சியப் பாத்துப் பேசிப் பழகுதான். அந்த மூஞ்சி அவ மக மூஞ்சி.

ஓடிப்போயி அவன் கையப் புடிச்சுக்கிட்டா. "ஏய்யா மாடக்கண்ணு, ஒனக்கு நான் மதினி மொற. எம்மக பாவம்ய்யா. கைப்பிள்ளக்காரி. பேச்சித்தாய் கதி அவளுக்கு வேண்டாம்ய்யா."

"மதினி, இது வேடிக்க. இதுக்குப் போயி அழுகலாமா?"

"என்னைய வையி. எம்மூஞ்சிய வையி."

"ஒன்னைய வச்சா யாரு சிரிப்பா? நீயில்ல சிரிக்கிறவ!" அப்பிடிச் சொல்லிட்டு, கையத் தொடச்சுக்கிட்டு மெதுவாக் கேட்டானாம், "சரி, மலைச்சி வேண்டாம். வேற யார வைக்க? நீயே ஒரு பேரச் சொல்லு."

இந்த எடத்த நல்லாக் கேட்டுக்கிடுங்க தாயி. ஆவுடத்தா வாயில ஒரு பேரு வந்துருச்சு. சங்கம்மா. அந்த எத்துப்பல்லு. சொன்னா மக பொழச்சா. நாக்கு நுனியில நிக்குது. சொல்லல. அந்தப் பேரு நாக்கு வரைக்கும் வந்துச்சேங்கிற பயத்துல, வெறகக்கூட எடுக்காம ஓடி வந்துட்டா.

மறுநாளு இழுக்குற நாளு. உச்சி வெயிலு. கயித்தப் புடிச்சுப் பத்து ஆம்பளைக இழுக்காக. முன்னால மாடக்கண்ணு கொட்டடிச்சுக்கிட்டு வாரான். ஆவுடத்தா வாசலுக்கு வந்ததும் பொம்மைய நிறுத்தி, மூஞ்சிய மூடுன துணிய எடுத்தான். "ம... ம... மழ... எ... என்னாலதான்... வ... வரல!"

ஊரு சிரிச்சுச்சு. மலைச்சி பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நெலப்படியில நிக்கா. என்னமோ சொல்ல வாயத் தொறந்தா. சொல்லு வரல. அதுக்கும் சிரிச்சுச்சு ஊரு.

ஒப்பாரிக்கு முன்பாட்டு எப்பவும் ஆவுடத்தாதான். "எடும்மா பாட்ட"ன்னு நாட்டாம சொன்னாரு. அவ எடுத்தா. பொய் ஒப்பாரி இல்ல தாயி. நெச எழவு வீட்டு ஒப்பாரி.

"காலு நொண்டி நடந்தவளே பேச்சித்தாயே - ஒன்னக்
கண்டு கண்டு சிரிச்சவளும் நாந்தாண்டி.
கெணத்தடியில் நின்னவளே பேச்சித்தாயே - ஒரு
கொடந்தண்ணி ஊத்தாதவ நாந்தாண்டி."

சிரிப்பு ஒவ்வொரு வாயா நின்னுச்சு. பாடிக்கிட்டே வீட்டுக்குள்ள போனா. வீட்டுல இருந்தது ஒத்தக் கொடம் தண்ணி. மூணு பேருக்கு ரெண்டு நாளைக்கு வச்சிருந்தது. அதத் தூக்கிட்டு வந்து, "அன்னைக்கு ஊத்தாத தண்ணி, இந்தாடி பேச்சித்தாயி"ன்னு பொம்ம தலையில ஊத்துனா. களிமண்ணு கரைஞ்சு கண்ணு போச்சு, மூக்கு போச்சு, வாயி போச்சு. தட்ட மட்டும் நிக்குது.

குடிக்கத் தண்ணி இல்லாத ஊருல தண்ணியத் தரையில ஊத்திட்டா! நாட்டாமைக்குக் கண்ணு செவந்துருச்சு. "எட்டு நாளு. எட்டு நாளைக்குள்ள மழ வரலன்னா, ஆத்தாளுக்கும் மகளுக்கும் செம்புள்ளி கரும்புள்ளி குத்திக் கழுத மேல ஏத்துவோம். மாடக்கண்ணு முன்னால ஆடிக்கிட்டுப் போவான்"னு தீர்ப்புச் சொல்லிட்டாரு.

மொத நாளு மழ வந்துச்சா? வரல. மூணா நாளு? வரல. அஞ்சா நாளு ஒரு மேகம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சாம். மலைச்சி பேச்சையே விட்டுட்டா. பாழுங்கெணத்துப் பக்கமே பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாளாம். ஆவுடத்தா மக சீல நுனிய அவ சீலையோட முடிச்சுப் போட்டுக்கிட்டே இருந்தா. ஆத்தா மனசு என்ன பாடு பட்டிருக்கும், நெனச்சுப் பாருங்க.

ஏழாம் நாளு பகல்ல எந்திரிச்சு, மகளையும் இழுத்துக்கிட்டுச் சங்கம்மா வீட்டுக்குப் போனா. "சங்கம்மா, ஒரு பாவத்தச் சொல்லிட்டுப் போறேன். அவன் கேட்டப்ப ஒம்பேரு என் நாக்கு வரைக்கும் வந்துச்சு."

சங்கம்மா முந்தானைய வாயிலருந்து எடுத்தா. "மதினி, ஒனக்கு நாக்கு வரைக்குந்தான் வந்துச்சு. நான் சொல்லிட்டேன். போன மாசமே போயி, 'என்னைய வைக்காத, திக்குவாய் மலைச்சி இருக்காள்ல'ன்னு நாந்தான் சொன்னேன்."

மலைச்சி நடுவுல நிக்கா. ஆவுடத்தா கை அடிக்க ஓங்குச்சு. ஓங்குன கை அப்பிடியே நின்னுருச்சு. "ஒன்னையக் கேட்டானா? வேற யாருன்னு கேட்டானா?" "கேட்டான் மதினி." அடுத்த வீட்டுக்குப் போனாக. அவளையும் கேட்டிருக்கான். அதுக்கடுத்த வீட்டுலயும் கேட்டிருக்கான். தெரு பூராம் ஒவ்வொருத்தியும் இன்னொருத்தி பேரச் சொல்லி வச்சிருக்கா. இம்புட்டு நாளும் ஒருத்திய ஒருத்தி கண்ணெடுத்துப் பாக்காம நடந்தது அதுக்குத்தான்.

எட்டாம் நாளு விடிஞ்சுச்சு. வானம் வெள்ள வெளேர்னு கெடக்கு. ஆம்பளைக கழுதைய ஓட்டிக்கிட்டு, செம்மண்ணும் கரியும் கரைச்சுக்கிட்டு வாராக. வீட்டுல யாரும் இல்ல. எந்த வீட்டுலயும் ஒரு பொம்பள இல்ல. தேடிக்கிட்டுக் களத்துக்கு வந்தா, அங்க நாப்பது பொம்பளையும் வரிசையா உக்காந்துருக்காக. கம்மா நடுப்பள்ளத்துல கெடந்த கடேசிச் சேத்த வழிச்சு மூஞ்சி பூராம் அப்பிக்கிட்டு, தலையோட முக்காடு போட்டுக்கிட்டு, அசையாம இருக்காக. கண்ணு மட்டும் தெரியுது. புள்ளி குத்த எடமே இல்ல.

எவ ஆவுடத்தா? எவ மலைச்சி? நாட்டாமைக்கு அவரு பொண்டாட்டியவே தெரியல.

"கைப்பிள்ள வச்சிருக்கவதான் மலைச்சி"ன்னு ஒருத்தன் சொன்னான். பாத்தா, பிள்ள ஒருத்தி மடியில கெடக்கு. "இவதான், எந்திரி"ங்காக. அவ வாயத் தொறந்து பல்லக் காட்டுனா. சங்கம்மா! அதுக்குள்ள பிள்ள அடுத்தவ மடிக்குப் போயிருச்சு. அங்கயிருந்து அதுக்கடுத்த மடி. பிள்ள ஒரு சத்தம் போடல.

"நான் கண்டுபுடிக்கேன்"னு மாடக்கண்ணு முன்னால வந்தான். "சிரிச்சுட்டா தெரிஞ்சுரும்." திக்கிப் பேசுனான். யாரும் சிரிக்கல. நொண்டிக் காட்டுனான். யாரும் சிரிக்கல. கெழவி மாதிரி, மலடி மாதிரி, அடி வாங்குறவ மாதிரி, அவனுக்குத் தெரிஞ்ச அம்புட்டையும் ஆடிப் பாத்தான். நாப்பது சோடிக் கண்ணு அவனையே பாக்குது. பின்னால நின்ன ஆம்பளைகளும் சிரிக்கல. அவனுக்கு வேத்து ஊத்துது. தன்னோட மகளாவது தெரியுதான்னு தேடுனானாம். தெரியல. "ஏத்தா... ஏத்தா, நீ எங்க இருக்க"ன்னு கூப்புட்டான். அவளும் வாயத் தொறக்கல. கொட்டக் கீழ வச்சுட்டுக் களத்துலயே உக்காந்துட்டான்.

அப்பத்தான் வரிசையில ஒரு கொரலு வந்துச்சாம். "பே... பே... பேச்சித்தாய்." திக்கித் திக்கி வந்துச்சு. ஒருத்தருக்கும் சிரிப்பு வரல. அது மலைச்சின்னு தெரிஞ்சும் ஆம்பளைக கழுதையத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாக.

மழ வந்துச்சா? அதுவும் வந்துச்சு, இன்னும் இருபது நாளு கழிச்சு, அது நெனச்சப்ப. யாராலயும் வரல, யாராலயும் நிக்கல. மாடக்கண்ணு அதுக்குப் பெறகு வேசமே கட்டலன்னு சொல்லுவாக. இல்ல, கட்டுனான், ஒரே ஒரு தடவ நாட்டாம மாதிரி நடிச்சுட்டு ஊர விட்டு ஓடிட்டான்னும் சொல்லுவாக. எது நெசமோ. ஆவுடத்தா கெழவியாகிச் சாகுற வரைக்கும் சிரிச்சாளாம், மூணு தெருவுக்குக் கேக்க. ஆனா யாரப் பாத்துச் சிரிக்கோம்னு ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டுத்தான் சிரிப்பாளாம்.

அதுலருந்து நம்ம ஊருக் கொடும்பாவிக்கு மூஞ்சி கெடையாது. இழுக்கும்போது ஆம்பள பொம்பள யாரும் சிரிக்கப்படாது. ஒப்பாரி வைக்கிறவுக மூஞ்சியில சேத்த அப்பிக்கிடணும். பொம்ம கெளம்புறதுக்கு மின்ன, எம்புட்டுப் பஞ்சமானாலும் ஒரு கொடம் தண்ணிய அது தலையில ஊத்தணும். நான் ஆவுடத்தா வம்சம், அதனால அந்தக் கொடம் எங்க வீட்டுலருந்து வரும்.

ம், கட்டி முடிச்சாச்சா? இந்தாங்க சேறு. பயப்படாமப் பூசிக்கிடுங்க. கொடத்தச் சாய்க்கும்போது எல்லாரும் சேந்து பேச்சித்தாய் பேரச் சொல்லணும். அவசரமாச் சொல்லக் கூடாது, மலைச்சி சொன்ன மாதிரி நின்னு நின்னு சொல்லணும்.