எண்பத்தைந்தில் வருகிற ஆட்டம்

மத்தியானம் இரண்டே முக்கால் மணி. ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட பைபாஸ் ரோடு. தூரத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிற மாதிரி தார் மினுங்குகிற வெயில். முன்னால் ஒரு வண்டி இல்லை... பின்னால் ஒரு வண்டி இல்லை.

என்ன முகத்தைச் சுளிக்கிறாய்? பேய்க் கதை என்றால் நடுராத்திரிதான் வேண்டுமா? ராத்திரிக்குத்தான் நாம் இருக்கிறோமே, கரண்டும் இல்லாமல், இந்தக் கிடங்கில் மூட்டைக்கு மூட்டை ஒண்டிக்கொண்டு. கதையாவது வெளிச்சத்தில் நடக்கட்டும். பட்டப்பகலில் நடந்தது என்பதால்தான் எனக்கு இது இன்னும் கிலி. அந்த டார்ச்சை அணை. கண் கூசுகிறது.

இது நம் வெல்டருடைய சித்தப்பாவுக்கு நடந்தது. வெல்டர் இன்றைக்கு லீவு, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். அவன் இருந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவான். அவனிடம் யாரும் கேட்டுத் தொலைக்காதீர்கள்.

சித்தப்பா வைத்திருந்தது வீல் அலைன்மென்ட் கடை. தங்கையின் புருஷனும் அதில் கூட்டு. அவரைச் சித்தப்பா மாப்பிள்ளை என்பார், அவர் இவரை மச்சான் என்பார். ஒரே வயசுதான் இருவருக்கும். சித்தப்பாவுக்குக் கை வேலை சுத்தம். மாப்பிள்ளைக்குக் காது. வண்டியைத் தொடக்கூட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பார், அப்புறம் ஓர் இடத்தில் விரலை வைப்பார். வைத்தால் தப்பாது. சித்தப்பாவுக்கு அதில் பெருமையும் உண்டு, வயிற்றெரிச்சலும் உண்டு. வருகிறவன் எல்லாம் நேராக மாப்பிள்ளையிடம் போய் நின்றால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? மாப்பிள்ளைக்குத் தீராத தலைவலி வேறு. நெற்றியில் எப்போதும் தைலம். கடைக்குள் நுழைந்தால் டயர் வாசனைக்கு முன்னால் அந்தத் தைலம்தான் வந்து மூக்கில் ஏறும்.

ஒருநாள் கண்ணாடிக்கடைக்காரர் தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எண்பது வரைக்கும் பூ மாதிரி போகுது. எண்பத்தஞ்சைத் தொட்டா உதறுது பாருங்க... தொண்ணூத்தஞ்சைத் தாண்டினா உதறல் நின்னுடுது. அதுக்குள்ள பின்னாடி ரெண்டு கண்ணாடி கீறல் விட்டுடுது."

நாலு சக்கரத்தையும் கழற்றி பேலன்ஸ் பார்த்தார்கள். முன் டயரைப் பின்னால் போட்டார்கள், பின் டயரை முன்னால் போட்டார்கள். ஆட்டம் போகவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது கண்ணாடிக்கடைக்காரர் கேட்டாரே ஒரு கேள்வி: "நீங்க வண்டியைப் பார்க்கறீங்களா, இல்ல வண்டி உங்களைப் பார்த்துட்டு இருக்கா?"

இந்த ஆட்டத்தைப் பிடிக்க ஒரு வழி உண்டு. நம் டிரைவரைக் கேளுங்கள், இருட்டில் 'உம்' கொட்டுகிறார் பாருங்கள். ஸ்டீயரிங் ஆடினால் கோளாறு முன்சக்கரத்தில். சீட் ஆடினால் பின்சக்கரத்தில். காலுக்குக் கீழே தரை ஆடினால், வண்டிக்கு அடியில் நீளமாக ஓடுகிற ஷாஃப்ட்டில். அந்தப் பிக்கப்பில் சீட்டும் ஆடியது, தரையும் ஆடியது. பின்பக்க ரிம் கோணல் என்றார் சித்தப்பா. ஷாஃப்ட்டை நடுவில் தாங்குகிற பேரிங் போய்விட்டது என்றார் மாப்பிள்ளை.

"ரிம்முதான் மாப்ளே. நான் கண்ணால பார்த்தேன்."

"நான் காதால கேட்டேன் மச்சான்."

தோற்றவன் ஒரு வாரம் கடையைக் கூட்ட வேண்டும் என்று பந்தயம். சிரித்துக்கொண்டேதான் பந்தயம் கட்டினார்கள். ஆனால் சித்தப்பா உள்ளுக்குள் சிரிக்கவில்லை. இதைப் பின்னால் அவரே சொன்னார்.

சந்தேகம் தீர ஒரே வழி. ஒருவர் ஓட்ட வேண்டும். இன்னொருவர் பின்பக்கத் தொட்டியில் குப்புறப் படுத்து, இரும்புத் தரையில் காதை வைத்துக் கேட்க வேண்டும். செய்யக் கூடாத வேலைதான். எல்லாக் கடையிலும் செய்கிற வேலையும்தான். தொட்டியில் இருப்பவர் கத்தினால் காற்றில் கேட்காது. அதனால் கையில் ஒரு ஸ்பேனர். ஒரு தட்டு தட்டினால் கோளாறு முன்னால். இரண்டு தட்டினால் நடுவில். மூன்று தட்டினால் பின்னால். நாலு தட்டினால் வண்டியை நிறுத்து. அவ்வளவுதான் அவர்கள் பாஷை.

இரண்டே முக்கால் மணி. எண்பது... எண்பத்து மூன்று... எண்பத்தைந்து. வண்டி உதற ஆரம்பித்தது. கதவுக் கண்ணாடி கிணுகிணு என்றது.

டக். டக்.

இரண்டு. நடுவில். மாப்பிள்ளை சொன்னதுதான் சரி. சித்தப்பாவுக்கு முகம் சூடேறியது. இன்னும் கொஞ்சம் ஏற்றினால் மூன்றாவது தட்டு வரும் என்று நினைத்தார். ஆக்ஸிலேட்டரை மிதித்தார். எண்பத்தெட்டு.

டக். டக். டக். டக்.

நாலு.

கேட்டது. நன்றாகக் கேட்டது. சித்தப்பா காலை எடுக்கவில்லை. மூன்று செகண்ட், நாலு செகண்ட் இருக்கும்... அவ்வளவுதான். பின்கதவின் கொக்கி உதறலில் கழன்றுகொண்டிருந்ததை மாப்பிள்ளை பார்த்திருக்கிறார், அதற்குத்தான் தட்டியிருக்கிறார். வேகம் ஏறின சொடுக்கில் ஆள் பின்பக்கமாகச் சறுக்கியிருக்கிறார். இரும்பில் ஏதோ உரசுகிற மாதிரி ஸ்ஸ்ர்ர் என்று ஒரு சத்தம். அப்புறம் வண்டியின் பின்பக்கம் லேசாக எழும்பியது. பாரம் இறங்கினால் எழும்புமே, அந்த மாதிரி.

சித்தப்பா கண்ணாடியில் பார்த்தார். ரோட்டில் வெயில் மட்டும் தெரிந்தது. அப்புறம் ஏதோ கிடப்பதும் தெரிந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மூச்சு இல்லை.

போலீஸ்காரர் கேட்டார், "அவர் ஏதாவது தட்டினாரா, குரல் கொடுத்தாரா?"

"தட்டலைங்க. தட்டியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

யோசித்துச் சொல்லவில்லையாம். வாய் தானாகச் சொன்னதாம். அப்படித்தான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அன்று ராத்திரிக்குள் அதையே பத்துப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. பதினோராவதாகத் தங்கையிடம் சொன்னபோது வாய் தடுமாறக்கூட இல்லை. அவள் அழுதுகொண்டே கத்தினாள்.

"ஒரு தட்டு தட்ட முடியலையா அந்த மனுஷனுக்கு? கையில ஸ்பேனரை வச்சுக்கிட்டுத் தூங்கிட்டாரா? நீ என்ன பண்ணுவே அண்ணா... நீ என்ன பண்ணுவே."

வந்திருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். செத்தவர் அஜாக்கிரதை என்று முடிவானது. தங்கை ஒரு வாரத்தில் அவர் துணிமணியை எல்லாம் கொடுத்துவிட்டாள். படத்தை மாட்டவில்லை. புருஷன் போன துக்கத்தைவிட, இப்படிப் போனாரே என்கிற கோபம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அண்ணன்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

மாசம் ஒன்று போனது. கண்ணாடிக்கடைக்காரர் வண்டியைத் திரும்பக் கேட்டார். சித்தப்பா அடியில் படுத்துப் பார்த்தார். நடு பேரிங்கின் ரப்பர் கிழிந்து தொங்கியது. வேறு பேரிங் போட்டார், ஓட்டிப் பார்க்கப் போனார்.

எண்பத்தைந்து.

வண்டி உதறியது. தொட்டியிலிருந்து... டக்.

ஒரே ஒரு தட்டு.

நிறுத்தி இறங்கிப் பார்த்தார். தொட்டி காலி. வெயிலில் இரும்பு கொதிக்கிறது. கிட்டே குனிந்தால் தைல வாசனை. இப்போதுதான் யாரோ மூடியைத் திறந்த மாதிரி.

ஓடியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் தொழில்காரன் புத்தி வேறு. ஒரு தட்டு என்றால் கோளாறு முன்னால். மாப்பிள்ளை சொன்னால் தப்பாது. கடைக்குப் போய் முன்பக்கத்தைப் பிரித்தார். பேரிங் மாற்றினார், புஷ் மாற்றினார், பிரேக் டிஸ்க் மாற்றினார், இரண்டு ரிம்மையும் மாற்றினார். ஒவ்வொன்றை மாற்றியதும் பைபாஸுக்குப் போவார். எண்பத்தைந்தில் உதறும். டக். ஒன்று. ஸ்டீயரிங் மட்டும் ஆடாது, அதுதான் அவருக்குப் புரியவில்லை. முன்பக்கம் கெட்டிருந்தால் ஸ்டீயரிங் அல்லவா ஆட வேண்டும். இப்படியே நாலு மாசத்துக்கு மேல் ஓடியது.

"அத்தனை மாசமா வண்டியைக் குடுக்காம வச்சிருந்தாரா?" கிரேன்காரர் கேட்கிறார் பாருங்கள். அவருக்கு அதுதான் கவலை. கொடுத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தார். அதில்தான் விஷயமே இருக்கிறது. கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாள் சலித்துப்போய், நானும் வருகிறேன் என்று கிளம்பினார். முதலில் அவர் ஓட்டினார், சித்தப்பா பக்கத்தில். எண்பத்தைந்து, தொண்ணூறு, நூறு. மடியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு போகலாம், அப்படிப் போனது. திரும்பும்போது சித்தப்பா ஓட்டினார்.

டக்.

"யாரோ தட்டற மாதிரி இல்ல?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். திரும்பிப் பார்த்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார். "நான் ஓட்டறப்போ ஒண்ணும் இல்லையே. நீங்க ஓட்டினாத்தான் தட்டுது."

சித்தப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். முன்னால் எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மாற்றாமல் மிச்சம் இருப்பது ஓட்டுகிற ஆள் ஒன்றுதான்.

அன்றைக்கே தங்கையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் தள்ளினார். எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் அந்த மனுஷன் மேல் ஆத்திரம்தான் வரும். அந்த ஒரு வாரம்...

எட்டாம் நாள் போனார். தங்கை தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அவள் தைத்துக்கொண்டே பேசுகிறவள். சித்தப்பா உட்காரக்கூட இல்லை.

"அவர் தட்டினார்மா. நாலு தட்டு. எனக்குக் கேட்டுது. நான்தான் நிறுத்தலை."

மெஷின் நின்றது. திட்டுவாள், அடிப்பாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று சித்தப்பா நின்றார். அவள் ஊசியில் மாட்டியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதை முந்தாநாள் வந்து சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா?"

சித்தப்பாவுக்குப் புரியவில்லை.

"தினம் வருவார். விடியக்காலையில கட்டில் கால்மாட்டுல நிப்பார். தைல வாசனை வரும், கண்ணு முழிச்சுக்குவேன். 'தட்டினேன்மா'ம்பார். அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆறு மாசமா, ஒருநாள் விடாம." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் நம்பலை. எங்க அண்ணன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்னு கேட்டேன். நேத்து எனக்கு ஆங்காரம் வந்துடுச்சு. 'செத்தும் பொய் சொல்றீங்களா, இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க'ன்னுட்டேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனார். இன்னிக்கு வரலை."

சித்தப்பா கண்ணாடிக்கடைக்கு ஓடினார். சாவியை வாங்கினார். பைபாஸ். எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்றைந்து. திரும்பி வந்து மறுபடி எண்பத்தைந்து. வண்டி ஆடவில்லை. தட்டு இல்லை. இறங்கித் தொட்டியில் முகத்தைப் புதைத்து மோந்து பார்த்தாராம். இரும்பு வாசனைதான் அடித்தது. அந்த நடுரோட்டில் உட்கார்ந்து அப்போதுதான் அவர் முதல் தடவையாக அழுதார். மாப்பிள்ளை செத்த அன்றைக்குக்கூட அழவில்லை.

அன்று ராத்திரியே தங்கையிடம் போய், வண்டியில் கேட்ட தட்டையும் அது நின்றுபோனதையும் சொல்லிவிட்டார். மறுநாள் மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகப் போய்ப் பிக்கப்பின் தொட்டியில் ஏறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்தாள். காதை இரும்புத் தரையில் வைத்தாள்.

"ஓட்டு. உனக்குக் கேட்கலைன்னா எனக்குக் கேட்குதான்னு பார்க்கறேன்."

சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார், கெஞ்சினார். அவள் அசையவில்லை. பின்கதவில் புதுக் கொக்கி மாட்டி, அதன் மேல் சங்கிலியும் போட்டுக் கட்டினார். கடைசியில் ஒரு ஸ்பேனரை எடுத்துவந்து அவள் கையருகே நீட்டினார். பயமாக இருந்தால் நாலு தட்டு தட்டு, அந்த நிமிஷமே நிறுத்துகிறேன் என்றார்.

அவள் வாங்கவில்லை. காதைத் தரையிலிருந்து எடுக்காமல், கண்ணையும் திறக்காமல் சொன்னாளாம்.

"எதுக்கு அண்ணா? தட்டினா மட்டும் நீ நிறுத்திடவா போறே?"

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சித்தப்பா போய் வண்டியை எடுத்தார்.