புல் வாடை

புது வண்டி என்றால் கொஞ்ச நாளைக்கு ஒரு வாடை இருக்கத்தான் செய்யும். உட்காருங்கள், கான்ஸ்டபிள். உங்கள் வண்டியில் ஏன் வாடை வருகிறது என்று கேட்டீர்கள். நர்ஸ் மெரிடித் எப்படிச் செத்தாள் என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

வாசல் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ட்ரெகார்த் அண்டு சன்ஸ். என் தாத்தா எழுதி மாட்டியது. குவீன்ஸ்லாந்தின் இந்தக் கோடியில் வண்டி வாங்குகிறவர்கள் எங்களிடம்தான் வாங்குவார்கள். வண்டி நகரத்திலிருந்து மொட்டையாக வரும். கங்காரு மோதினால் தாங்க முன்னால் ஓர் இரும்புத் தடுப்பு, அதன்மேல் இரண்டு ஸ்பாட் லைட், எல்லாம் இங்கே என் மகன் கெல்வின் பூட்டித் தருவான். மற்றவர்களுக்கு ஒரு நாள் ஆகிற வேலையை மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவான் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

மெரிடித் பண்ணை பண்ணையாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவந்தவள். புது வண்டி எடுத்த கொஞ்ச நாளிலேயே வந்து நின்றாள்.

"மிஸ்டர் ட்ரெகார்த், லைட்டைப் போட்டா ஏதோ கருகுற வாடை வருது. கொஞ்சம் பாருங்களேன்."

"பாதிக் காட்டை அடியில கட்டி இழுத்துட்டு வந்தா கருகாம என்னம்மா செய்யும்?"

"அதெல்லாம் வாரிட்டுத்தான் வந்தேன். டெஸ் மக புல்லு வாராம வண்டி எடுப்பாளா? எங்கப்பா தோலை உரிச்சிருவாரு."

இங்கே விளைகிற ஸ்பினிஃபெக்ஸ் புல்லில் பிசின் உண்டு. சைலன்சர் குழாயில் சிக்கிச் சூடேறினால் பற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கொக்கிக் கம்பி கிடக்கும். நிறுத்திய இடத்தில் மண்ணில் படுத்து, வாரிவிட்டுத்தான் கிளம்புவார்கள். வாராதவனை இந்த ஊர் மதிக்காது.

கெல்வின் அப்போது வெளியே போயிருந்தான். நானே பானெட்டைத் திறந்தேன். ஸ்பாட் லைட்டின் வயரை ஃபியூஸ் வைக்காமல் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தான். தகட்டில் துளை போட்டு அதன் வழியே விட்டிருந்தான். துளைக்கு ரப்பர் வளையம் இல்லை. மண் ரோட்டுக் குலுக்கலில் தகட்டின் விளிம்பு வயரை அறுத்திருந்தது; வெளியே தெரிந்த செம்பு இரும்பில் பட்டுப் பட்டுத்தான் கருகியிருக்கிறது.

சரிசெய்வது பெரிய வேலையில்லை. ஆனால் என்ன கோளாறு என்று கேட்பாள். அவள் வண்டியில் இப்படியென்றால் மற்ற வண்டிகளிலும் இப்படித்தான். எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, ட்ரெகார்த் வீட்டுப் பையனுக்கு வயர் இழுக்கத் தெரியாது என்றா சொல்வது? கறுப்பு டேப்பைச் சுற்றி பானெட்டை மூடினேன்.

"புல்லுதாம்மா. இன்னும் நல்லா வாரு."

அவள் சிரித்தாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

மேற்கே ஒரு பண்ணைக்குப் போகும் வழியில் வண்டி எரிந்தது. முதலில் தப்பி இறங்கியவள்தான். மருந்துப் பெட்டியை எடுக்கத் திரும்ப ஏறியிருக்கிறாள். விசாரணையில் என்னைக் கேட்டார்கள். புல்லை வாரச் சொல்லி எச்சரித்தேன் என்றேன். அது உண்மை. எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை.

டெஸ் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். "என் மக வாரியிருப்பா. நான் கத்துக்குடுத்தேன்" என்றான். அதையே பாரிலும் சொன்னபோது ஒருவன் குத்திக்காட்டினான்: "நீ கத்துக்குடுத்த லட்சணந்தான் தெரிஞ்சுபோச்சே, டெஸ்."

அன்றிலிருந்து டெஸ் தெருவில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் அடியில் படுத்து வாருகிறான். யாரும் கேட்பதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. ஜன்னல் திரையை இறக்கினாலும் இரும்பில் கொக்கி உரசுகிற சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு வண்டிகூட இல்லாதபோதும் எனக்குக் கேட்கிறது. "அங்க ஒண்ணும் இல்லீங்க" என்கிறாள் என் மனைவி.

கெல்வினுக்கு எதுவும் தெரியாது. இன்றும் அப்படித்தான் பூட்டுகிறான். மாற்றிப் பூட்டச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டிவரும். வண்டிகள் சர்வீசுக்கு வரும்போது அவன் பார்க்காத நேரமாகப் பானெட்டைத் திறந்து நானே டேப் சுற்றிவிடுகிறேன். விரலில் அந்தப் பசை போவதேயில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், மெரிடித்தைக் கொன்றது நான். கெல்வின் பெயர் வேண்டாம். பலகை அங்கேயே இருக்கட்டும்.

இனி உங்கள் வண்டி. அதுவும் கெல்வின் பூட்டியதுதான். பயப்பட ஒன்றுமில்லை. இன்று காலை டெஸ் அதன் அடியில் வெகுநேரம் படுத்து வாரியதை இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். அதன் பிறகும் வாடை வருகிறது என்கிறீர்கள். பாவம், அவனுக்கு வயதாகிவிட்டது, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. ஒரு கொத்துப் புல்லை விட்டிருப்பான்.