நீல முதுகுப் படம்

— மொகத்தப் பாக்காமலே எப்படிங்க மொதலாளி, இது ஒங்க கடைப் படமில்லன்னு சொல்றீங்க?

— முதுகப் பாத்தன், போதும். என்ட கடையில விக்கிற சிகரெட் பெட்டிக்குள்ள வார படத்துக்கெல்லாம் முதுகு செவப்பு. இது நீலம்.

— மொகந்தானுங்களே படம். முதுகுல என்னா இருக்கு?

— சிகரெட்டுட பேர் ஈக்கி, இராக்கம்மா. ஒரே ஆளுட மொகத்த ரெண்டு மூணு சிகரெட்டுக்குப் போடுவாங்க. முதுகுதான் வேற வேற. நான் கடைக்குள்ளயே தொழுறவன். தொழுற எடத்துல உருவம் ஆகாது. அதால படத்தயெல்லாம் குப்புறப் போட்டு டப்பாவுல வெச்சிருவன். இந்த பதுளை கடைவீதியில, படம் வெச்சிக்கிட்டு மொகம் தெரியாத ஸஹாப்தீன் நான் ஒருத்தன்தான்.

— அந்த டப்பாவுலேர்ந்துதான் இது வந்துச்சு. தோட்டத்துத் துரை பங்களாவுக்குச் சாமான் வாங்க வந்த எங்க வூட்டுக்காரருகிட்ட, புள்ளைக்கி ஒண்ணு எடுத்துக்கன்னு நீங்க சொல்லலயா?

— அழகருக்கிட்ட சொன்னன். பொய் சொல்ல மாட்டன். ஆனா அவன் எடுத்தது இதுதான்னு யார் கண்டா?

— துரை என்னான்னா, இது என் ஆல்பத்துப் படம், திருடிட்டான்னு சொல்றாரு. நாளைக்கிப் பெரட்டுல ஆளுகள நிக்கவெச்சு எண்ணுறப்ப, அத்தன பேரு முன்னால இவரு பேர வெட்டப் போறாராம். திருடன்னு பேராயிட்டா எந்தத் தோட்டத்துல சேப்பாங்க? கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன்?

— துரைட தம்பி அமெரிக்காவுலேர்ந்து தபால்ல அனுப்புற படத்துக்கெல்லாம் நீல முதுகுன்னு அவரே சொல்லிக்கிறாரு. அப்ப இது அவர்ட படந்தான். நீ கோவிச்சாலும் சரி.

— பங்களா சாமானெல்லாம் ஒங்க கடையிலதானுங்க எடுக்குறாங்க. துரைக்கிப் பரிஞ்சுதான் பேசுவீங்க.

— இந்தா, வாய அளந்து பேசு. நான் ஒண்ணு கேக்கட்டா? களவு போன படம் ஒன்ட கைக்கு எப்படி வந்திச்சு? பறிகொடுத்தவன் அத வாங்கி வெச்சிக்குவானா, திருடன்ட பொண்டாட்டிக்கிட்ட குடுத்து அனுப்புவானா?

— குடுக்கலைங்க. இவரு மூஞ்சியில விட்டெறிஞ்சாரு. பங்களா வாசல்ல கெடந்துச்சு, பொறுக்கிட்டு வந்தேன்.

— விட்டெறிஞ்சாரா? படத்துக்கு வேர்வ படக் கூடாதுன்னு லேஞ்சித் துணியால புடிக்கிற மனுசன்.

— எனக்கும் அதுதான் மொதலாளி உறுத்துச்சு. அந்த டப்பாவக் கொஞ்சம் தொறங்க.

— என்னத்துக்கு? களவெடுத்தத நான் ஒளிச்சு வெச்சீக்கிறன்னு நெனைக்கிறியா?

— ஆமாங்க. அந்த நெனப்புலதான் மலையெறங்கி வந்தேன். இல்லன்னா தொறந்து காட்டுங்க.

— நல்லாப் பாத்துக்க. நானே ஒவ்வொண்ணா எடுத்து வெக்கிறன். செவப்பு. செவப்பு. இதுவும் செவப்பு. இது...

— நீலம்.

— யா அல்லாஹ். இன்னொண்ணும் ஈக்கி. இது எப்படி என்ட டப்பாவுக்குள்ள வந்திச்சு?

— டப்பாவுல வேற யாரு கை வெப்பாங்க?

— ஒருத்தரும் இல்ல. துரை மட்டுந்தான். வாரப்பல்லாம் கேட்டு வாங்கிப் பாப்பாரு. நான் உள்ளுக்குப் போய்ச் சீனி நிறுத்துக்கிட்டு நிப்பன். ஆனா ஒண்ணு கொறைஞ்சாலும் எனக்குத் தெரியும். ஒருநாளும் கொறையல.

— எடுத்த எடத்துல ஒண்ண வெச்சா எப்படிங்க கொறையும்? அந்த நீலத்தயெல்லாம் திருப்புங்க.

— மொகத்த நான் பாக்க மாட்டன். நீயே திருப்பு.

— அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. ஒருத்தன் ஒலக்க கணக்கா உருண்டக் கட்டையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். நாடியில பள்ளம். அடுத்ததும் அதே ஆளு. என் கையில இருக்கிறதும் அதே பள்ளந்தான்.

— எல்லாம் ஒரே மொகமா?

— ஒரே மொகம். செவப்பயும் திருப்பிப் பாத்துட்டேன், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல.

— கூடிப்போனத என்ட தலையில கட்டிட்டு, தன்னட்ட இல்லாத மொகத்தயெல்லாம் எடுத்திட்டுப் போயிக்கிறாரு. குப்புறக் கெடக்கிறத இந்த மொதலாளி பாக்கவா போறான்னு தைரியம். அநியாயமா ஒன்ன சந்தேகப்பட்டிட்டன், மகள்.

— நானும் ஒங்களத்தானுங்க சந்தேகப்பட்டேன். ஒரு விசயத்த வாயத் தொறக்காம வெச்சிருந்தேன்.

— இருக்கட்டும். விடியவே வாரன், டப்பாவோட. பெரட்டுல நின்டு எல்லாத்தயும் விரிச்சுக் காட்டுறன். மனுசன் வேணுமின்டு செஞ்சிருக்க மாட்டாரு. இங்க வெச்சத மறந்திருப்பாரு. அழகர்ட பெட்டியில ஆம்புட்டதும் களவுன்னு நெனச்சிட்டாரு. மெதுவாச் சொன்னா வெளங்கிக்குவாரு.

— பெட்டியில ஆம்புடலைங்க. தெனம் அந்த ஆல்பத்தத் தொடைக்கிறவரு இல்லையா இவரு, மொகத்தப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டு, ‘துரை, ஒங்க படம் ஸஹாப்தீன் கடையில கெடந்துச்சு’ன்னு இவரேதான் கொண்டுபோயி துரை கையில குடுத்தாரு. ஒங்க கடைப் பேரக் கேட்டதுந்தான் விட்டெறிஞ்சு திருடன்னாரு.